முதல் முறை ஏன் வந்தார்கள் என்று நான் கேட்பதில்லை

ரத்த தான முகாமில் பதிவு மேசையில் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பெயர், வயது, எடை, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், இரவு தூங்கினீர்களா, சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா, ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா. ‘ஏன் வந்தீர்கள்?’ என்ற கேள்வி மட்டும் எந்தப் படிவத்திலும் கிடையாது. நானும் கேட்பதில்லை. ஆனாலும் முதல் முறை வருகிறவர்கள் அதைத்தான் தாமாகவே சொல்லத் தொடங்குவார்கள், ஏதோ விளக்கம் தந்தே ஆக வேண்டும் என்பதுபோல.

நண்பன் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான் என்பார் ஒருவர். தன் ரத்த வகை என்னவென்று இந்த வயது வரை தெரியாது, இப்போதாவது தெரிந்துகொள்ளலாமே என்பார் இன்னொருவர். பிறந்த நாள் என்று வருவார்கள். அப்பா கொடுப்பார், அதனால் என்பார்கள். சான்றிதழுக்காக வந்தேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்ன மாணவியும் உண்டு. ஊசி பயத்தைத் தீர்த்துக்கொள்ள வந்தேன் என்று சொன்ன பெண்மணியும் உண்டு. இத்தனை ஆண்டுகளில் ‘மனித குலத்துக்கு உதவ வந்தேன்’ என்று சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததாக நினைவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் முறைக்கு எந்தக் காரணமும் போதும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த ஒரு மணி நேரத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் இரண்டாம் முறை இருக்கிறது. ரத்த வங்கிகள் உயிரோடு இருப்பது இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வருகிறவர்களால்தான்.

நான் ரத்தம் கொடுத்ததில்லை. கொடுக்கவும் முடியாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவள் நான். இதனால் எனக்கு நோய் ஒன்றும் இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, மருந்து மாத்திரை கிடையாது. ஹீமோகுளோபின் மட்டும் எப்போதும் ஒரு படி கீழேயே நிற்கும். கொடையாளருக்கு டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. ஆண்களுக்கு 13 என்று வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. நான் அந்த 12.5ஐ எட்டுவதே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. இப்போதெல்லாம் விரல் நுனியில் எடுத்த ரத்தத்தைச் சிறு கருவியில் வைத்தால் எண் வந்துவிடுகிறது. ஆனால் காப்பர் சல்பேட் கரைசலை வைத்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணாடிக் குப்பியில் நீல நிறக் கரைசல், ஒப்படர்த்தி 1.053. சற்று மேலேயிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவார்கள். சொட்டு நீலத்துக்குள் விழுந்ததும் உருண்டையாகத் திரளும், மெல்லிய உறை ஒன்று அதைச் சுற்றிப் படியும், ஒரு கணம் தயங்கும். ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தால் ரத்தம் கரைசலைவிடக் கனமாக இருக்கும். 15 நொடிக்குள் அடிக்குப் போய்விடும். என் சொட்டு பாதி வழியில் நின்றுவிட்டு மெதுவாக மேலே ஏறியது. பரிசோதித்த செவிலியர், “ஒரு மருத்துவரைப் பாருங்கள் அம்மா, இரும்புச் சத்து குறைவா, வேறு ஏதாவதா என்று பார்த்துவிடுவது நல்லது” என்றார். அப்படித்தான் எனக்குத் தலசீமியா மரபணு இருப்பதே தெரிய வந்தது. அன்று கொடுக்க முடியாது என்று தெரிந்ததும் நான் கிளம்பியிருக்கலாம். பழச்சாறு மேசையில் ஆள் இல்லை. போய் நின்றுகொண்டேன். அன்று முதல் முகாமில் என் இடம் அதுதான்.

இரண்டு பெற்றோருக்கும் இந்த மரபணு இருந்துவிட்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் முழுமையாக வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு மாதம், ஓர் ஆண்டு என்றில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைபோல வேறு வழி கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுவதும். அப்படி ஒரு சிறுவனின் தாய் எங்களோடு முகாம்களில் வேலை செய்கிறார். மகனுக்கு நாள் நெருங்கிவிட்டதை அவர் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. மாலையில் விளையாடப் போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவான், உதடு வெளுத்திருக்கும், கேட்டதற்கு எரிச்சலாகப் பதில் சொல்வான். ரத்தம் ஏற்றிய மறுநாள் அதே பையன் வீட்டைத் தலைகீழாக்கிவிடுவானாம். “அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்” என்பார்.

இந்தத் தாய் ஏன் தன்னார்வலராக இருக்கிறார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய மகனுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் ஏன் கொடுக்கிறார்கள்? அவர்கள் அவனைப் பார்த்ததே இல்லை.

ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன்பு வரை இப்படிப் பார்க்காமலே கொடுப்பது நடக்கக்கூடிய காரியமாகவே இல்லை. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். அதன் பிறகும் ரத்தம் உடலை விட்டு வெளியே வந்தால் சில நிமிடங்களில் உறைந்துவிடும் என்ற தடை இருந்தது. அதனால் கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தாக வேண்டும். கொடுப்பவரின் தமனியை அறுத்துப் பெறுபவரின் சிரையோடு தைத்த காலம் அது. அதற்கு யார் சம்மதிப்பார்கள்? கணவன், அண்ணன், அப்பா. 1914இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டினும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோடேவும் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைக் கலந்தால் ரத்தம் உறையாது என்பதை நோயாளிகளிடம் பயன்படுத்திக் காட்டினார்கள். அந்த உப்புதான் கொடுப்பவரையும் பெறுபவரையும் வேறு வேறு அறைகளில், பிறகு வேறு வேறு ஊர்களில் இருக்க விட்டது. முகம் தெரியாதவருக்குக் கொடுக்கும் வாய்ப்பை நமக்கு உண்டாக்கித் தந்தது அதுதான்.

வாய்ப்பு வந்தால் மட்டும் போதாது, யாராவது கேட்க வேண்டும். 1921இல் லண்டனில் பெர்சி ஆலிவர் என்பவருக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஒரு வட்டாரப் பிரிவுக்கு அவர் செயலாளர். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அவரும் சில தன்னார்வலர்களும் கிளம்பிப் போனார்கள். அவர்களில் ஒரு செவிலியரின் ரத்தம் பொருந்தியது. அந்த ஒரு நாளோடு ஆலிவர் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கொடுக்கச் சம்மதிப்பவர்களின் பட்டியல் ஒன்றை அவர் எழுதத் தொடங்கினார். அவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டிலிருந்தே, இரவு பகல் பாராமல் வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்து, பட்டியலில் இருப்பவர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். உலகின் முதல் தன்னார்வ ரத்தக் கொடையாளர் சேவை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது அந்தத் தொலைபேசிதான். கொடையாளரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் நான் சந்தித்த கொடையாளர்களில் பெரும்பாலானோர் முதல் முறை வந்ததற்கான உண்மையான காரணத்தைத் தோண்டிப் பார்த்தால், அவர்களை யாரோ ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டிருப்பார். சுவரொட்டி கேட்டதாக யாரும் சொல்வதில்லை. அதே போல, இதுவரை கொடுக்காதவர்களிடம் பேசினால் பாதிப் பேர் சொல்வது, “என்னை யாரும் கேட்கவில்லையே” என்பதுதான்.

முதல் முறை வருகிறவரோடு உட்காருவது முகாமில் எனக்குப் பிடித்த வேலை. சில மாதங்களுக்கு முன்பு, பளு தூக்கிப் பழகிய தோள்களோடு ஓர் இளைஞர் நண்பர்களுடன் வந்தார். உள்ளே நுழையும்போது அவர் குரல்தான் கூடத்திலேயே பெரிதாகக் கேட்டது. வரிசை நகர நகர அது இறங்கியது. படுக்கையில் சாய்ந்ததும் கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. “அக்கா, ஊசி பெரிதாக இருக்குமா?” என்று நண்பர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

பெரிதுதான் தம்பி என்றேன். சாதாரண ஊசி மருந்துக்குப் போடுவதைவிடத் தடிமனானது. ரத்தம் தடையில்லாமல் வர வேண்டும், சிவப்பணுக்கள் நசுங்கிவிடக் கூடாது, அதற்காகத்தான் என்று சொன்னேன். பயப்படுகிறவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. ‘எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு ஊசியைக் குத்தினால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். வலி சில நொடிதான், அது உண்மை. அந்த நொடிகளில் என்னைப் பார்க்கச் சொன்னேன், கால் கட்டை விரல்களை அசைக்கச் சொன்னேன்.

முதலில் வரும் கொஞ்சம் ரத்தம் பக்கத்தில் உள்ள சிறு பைக்குள் போகும். தோலில் உள்ள கிருமிகள் ஊசி முனையோடு பெரிய பைக்குப் போய்விடாமல் இருக்க அந்த ஏற்பாடு. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் முதலிய பரிசோதனைகளுக்கு அந்தச் சிறு பையிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். பிறகு பெரிய பை நிரம்பத் தொடங்கும். உறையாமல் தடுக்கும் திரவத்தோடு ரத்தம் கலக்க வேண்டும் என்பதற்காக அதைத் தாங்கியிருக்கும் சிறு தட்டு தொட்டில்போல ஆடிக்கொண்டே இருக்கும். குழாயை முன்னங்கையோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். சற்று நேரத்தில் அவர் கண் விரிந்தது. “சூடாக இருக்கிறதே அக்கா” என்றார். ஏறக்குறைய எல்லோரும் இதைச் சொல்வார்கள். நம் ரத்தம் உடம்புக்குள் ஓடும்வரை அந்தச் சூடு நமக்குத் தெரிவதில்லை. வெளியே ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தோலின் மேல் ஓடும்போதுதான் உணர்கிறோம்.

பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. எழுந்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தவரின் முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை பூத்தது. உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தோம். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் அவருக்குப் பெரிய வேதனை. இந்த இடத்தில்தான் தன்னார்வலருக்கு வேலை இருக்கிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும் நரம்பு ஒன்று தேவையில்லாமல் விழித்துக்கொள்கிறது, ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, மூளைக்குப் போகும் ரத்தம் சற்றுக் குறைகிறது, தலை சுற்றுகிறது. உடல் பலத்துக்கோ துணிச்சலுக்கோ இதில் சம்பந்தமே இல்லை. இதை அவரிடம் மட்டுமல்லாமல் நண்பர்கள் காதில் விழும்படியும் சொன்னேன். அடுத்த முறை ஊசி போடுவதற்குச் சற்று முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிடுங்கள், படுத்திருக்கும்போது கால்களைக் குறுக்காகப் போட்டுத் தொடைத் தசைகளை இறுக்கி இறுக்கி விடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டும் மயக்கத்தைக் குறைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட வழிகள். மயங்கியவர்கள் திரும்பி வருவது குறைவு என்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் மயங்கியவரோடு செலவிடும் ஐந்து நிமிடத்தை முகாமின் மிக முக்கியமான ஐந்து நிமிடமாக நான் கருதுகிறேன்.

அவர் அடுத்த முகாமுக்குத் தனியாக வந்தார். நண்பர்கள் இல்லை, கையில் தண்ணீர்ப் புட்டி. காரணம் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “போன முறை பையை எடுத்துக்கொண்டு போகும்போது அதன் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன் அக்கா. அது இப்போது எங்கே இருக்கும் என்று பல நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன்.” ஸ்வீடனில், கொடுத்த ரத்தம் நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் கொடையாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கம் உண்டு. எல்லா இடங்களிலும் இது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். யார், என்ன நோய் என்று எதுவும் தெரிய வேண்டாம். போய்ச் சேர்ந்தது என்ற ஒரு வரி போதும்.

ஊசி பயம் போய்விடும் என்று மட்டும் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 14 வயதில் மார்பில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்; பலர் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தவர். வயது வந்ததும் தானும் கொடுப்பேன் என்று முடிவு செய்து 1954இல் தொடங்கினார். தாயின் உடல் தன் வயிற்றில் உள்ள குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி என்ற அரிய எதிர்ப்பொருள் அவர் பிளாஸ்மாவில் இருந்தது. 2018இல் 81 வயதில் நிறுத்தும்வரை 1,173 முறை கொடுத்தார். 2025இல் காலமானார். இவ்வளவு கொடுத்தவர், ஊசி தன் கையில் இறங்குவதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லையாம். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். படுக்கையில் நடுங்குகிறவர்களிடம் நான் அவரைப் பற்றித்தான் சொல்வேன்.

எந்தக் காரணமும் போதும் என்று சொன்னேன். இரண்டு காரணங்களை மட்டும் ஏற்க முடியாது.

ஒன்று, தனக்கு எச்ஐவி இருக்குமோ என்ற சந்தேகத்தில், இலவசமாகப் பரிசோதித்துவிடுவார்கள் என்று வருவது. கிருமி உடலுக்குள் நுழைந்த முதல் சில நாட்களுக்கு எவ்வளவு நல்ல பரிசோதனையிலும் அது சிக்காமல் போகலாம். அந்த நாட்களில் எடுத்த ரத்தம் ‘கிருமி இல்லை’ என்ற முடிவோடு ஒரு நோயாளிக்குப் போய்விடும். கேள்விப் படிவத்தில் அந்தரங்கமான விஷயங்களையெல்லாம் கேட்கிறார்களே என்று சிலருக்குக் கோபம் வருகிறது. கருவியால் பிடிக்க முடியாததைக் கொடையாளரின் நேர்மையால் மட்டுமே பிடிக்க முடியும், அதற்காகத்தான் கேட்கிறார்கள். சந்தேகம் இருந்தால் பரிசோதனை மையத்துக்குப் போங்கள், யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, கட்டாயம். மேலாளர் பட்டியல் போட்டார், வகுப்பே போகிறது, நான் மட்டும் எப்படி மறுப்பது என்று வருகிறவர்கள் உண்டு. ஒரு பெண் என் காதருகே வந்து, “எனக்கு வேண்டாம், ஆனால் அவர்களிடம் சொல்ல முடியவில்லை” என்றாள். பரிசோதனை அறைக்குள் தனியாக அழைத்துப் போனோம். வெளியே வந்ததும், “இவர் இன்று கொடுக்கவில்லை” என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்கும் உரிமை அங்கே நின்ற யாருக்கும் கிடையாது. இப்படிக் கௌரவமாக வெளியேற ஒரு வழி வைத்திருப்பது முகாம் நடத்துகிறவர்களின் கடமை. விருப்பமில்லாமல் எடுத்த ஒரு பை ரத்தத்தைவிட, பிறகு ஒரு நாள் அவள் விரும்பி வருவதற்கான வாய்ப்பு பெரிது.

பணம் கொடுத்தால் கூட்டம் வருமே என்று கேட்கிறார்கள். வரும், ஆனால் எதை மறைத்தால் பணம் கிடைக்கும் என்று ஒருவர் யோசிக்கத் தொடங்கினால் அந்தப் படிவத்துக்கு மதிப்பே போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை 1975லேயே பணம் பெறாத தன்னார்வக் கொடையை வளர்க்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2008இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று எனக்கு மறக்க முடியாதது. ரத்தக் கொடையாளர் ஆவதற்குச் சிறிய தொகை தருவதாகச் சொன்னபோது, பெண்களில் முன்வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அதே தொகையை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னதும் பழையபடி ஏறியது. சட்டை, பை என்று கொடுக்கும் சிறு பரிசுகளை நான் எதிர்க்கவில்லை. அதனால் வருகை கூடுகிறது என்றும் ஆய்வுகள் உண்டு. முதல் முறைக்கு அவை உதவட்டும்.

எங்கள் முகாம்களில் ஒன்றை ஆண்டுதோறும் ஒரு தாய் தன் மகனின் நினைவு நாளில் ஏற்பாடு செய்கிறார். சாலை விபத்தில் அடிபட்ட பையன். பை பையாக ரத்தம் ஏற்றினார்கள். பிழைக்கவில்லை. பிழைக்காத பிள்ளைக்காக ஏன் ரத்த தான முகாம் என்று உறவினர் ஒருவர் அவரிடமே கேட்டுவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: “அந்த ரத்தத்தால் அவன் இரண்டு நாள் இருந்தான். வெளிநாட்டிலிருந்து அவனுடைய அக்கா வந்து சேர்ந்து அவன் கையைப் பிடித்தாள். அந்த இரண்டு நாளை யாரோ முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்குக் கொடுத்தார்கள்.” அதற்கு மேல் அந்த உறவினர் ஒன்றும் பேசவில்லை. அன்று அவரும் படுக்கையில் ஏறினார்.

‘ஒரு பை, மூன்று உயிர்’ என்று எழுதிய பதாகைகளை நான் விரும்பாததற்கு இதுவும் காரணம். ஒரு பை ரத்தத்தைச் சிவப்பணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து மூன்று பேருக்குத் தர முடியும் என்பது உண்மை. ஆனால் பிரசவத்தில் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகும் பெண்ணுக்கு ஒருத்திக்கே பல பைகள் வேண்டியிருக்கும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு வாரம்தோறும் தட்டணுக்கள் தேவைப்படலாம். கொடுத்த எல்லோரும் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. கொடுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் ஒருவரைத் தாங்குகிறார்கள்.

இந்தத் தாங்குதல் விட்டு விட்டு நடக்க முடியாது. சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தாலும், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள்தான். தட்டணுக்களைக் குளிரில் வைக்காமல் 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக 5 நாளில் காலாவதியாகிவிடும். பிளாஸ்மாவை மட்டும் உறைய வைத்து ஓராண்டு வரை காக்கலாம். பெரிய விபத்து, பேரிடர் என்றால் மக்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். அந்த மனத்தைக் கை கூப்பி வணங்குகிறேன். ஆனால் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் அப்படிக் குவிந்த ரத்தத்தில் பெரும் அளவு பயன்படாமலே காலாவதியானது. விபத்து நடந்த அந்த நேரத்தில் உதவுவது, அதற்கு முன்பே பரிசோதனை முடிந்து குளிர்பெட்டியில் இருக்கும் ரத்தம்தான். லாண்ட்ஸ்டைனரின் பிறந்த நாளான ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் தினம். அன்று எங்கள் படுக்கைகள் போதாது. ஆகஸ்டில் பாதிப் படுக்கைகள் காலியாகக் கிடக்கும்.

ஆகஸ்டிலும் வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேசாதவர். முழுக்கைச் சட்டையை அளவாக மடித்துவிட்டுக்கொண்டு வருவார், கொடுப்பார், பத்து நிமிடம் நாளிதழ் படிப்பார், போய்விடுவார். எங்கள் விதிப்படி 65 வயது வரைதான் கொடுக்கலாம். அவருடைய கடைசி முறை வந்தது. வழக்கமாகச் சாப்பிடும் இரண்டு பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். “என்ன ஐயா?” என்றேன். “இனி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள், இல்லையா?” என்றார். அவரிடம் மட்டும் கேட்டேன், இத்தனை காலம் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். “முதலில் அலுவலகத்தில் ஒரு நண்பர் கூப்பிட்டார். அப்புறம் இது என் வேலை ஆகிவிட்டது அம்மா. என்னிடம் இருக்கிறது, அங்கே வேண்டியிருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?”

அவரை நாங்கள் விடவில்லை. இப்போது எங்கள் கொடையாளர் பட்டியல் அவர் பொறுப்பு. இரண்டு கொடைகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி நாட்டுக்கு நாடு எட்டு வாரத்திலிருந்து நான்கு மாதம் வரை வேறுபடும். இங்கே யாருக்கு அந்த நாள் வந்துவிட்டது என்று பார்த்து ஒவ்வொருவராக அழைக்கிறார். போன முறை தலை சுற்றியவர்களை முதலில் அழைத்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். ஹீமோகுளோபின் குறைந்து திரும்பிப் போனவர்களிடம், மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்பார். ஒரு கொடையில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச் சத்து போய்விடும்; அடிக்கடி கொடுக்கும் இளம்பெண்களிடம் அதைச் சொல்லி, இந்த முறை தள்ளிப் போடுங்கள் என்று அவரே நிறுத்திவைப்பதும் உண்டு.

பட்டியல் இப்போது அவர் ஒருவரால் முடியாத அளவுக்கு நீண்டுவிட்டது. வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து அழைப்பதற்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். கொடுக்கத் தகுதி இல்லாதவர்களும் வரலாம், ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பவர்களும் வரலாம். பொறுமையாகப் பேசத் தெரிந்தால் போதும், மற்றதை ஐயா சொல்லிக்கொடுத்துவிடுவார்.